சப்பாணி கட்டி இருந்த ஃபிடில்காரி

எங்கட புளூகிராஸ் பாண்டில நாலு பேர். அமெரிக்காவின்ர மலைப்பக்கத்துப் பாட்டுகள் வாசிக்கிறம், ஆனா ஒருத்தரும் அந்த மலையைக் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில ஒஸ்லோவில ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு நிலவறையில கூடுவம்.

பான்ஜோக்காரர் எலெக்ட்ரீஷியன். தகப்பன் நடத்தின ஜெபக் கூட்டத்தில கிற்றார் அடிச்சு வளர்ந்த மனுசன், வாய் திறந்து கதைக்கிறது குறைவு. மாண்டலின் வாசிக்கிற பெட்டை துரொண்ட்ஹெய்ம் நகரத்துப் பள்ளிக்கூட பாண்டில கொர்னெட் ஊதித் திரிஞ்சவள். பாஸ்காரர் தமிழ்நாட்டிலயிருந்து ஐ.டி வேலைக்கு வந்தவர். அங்கை கல்யாண வீட்டுக் கச்சேரியளில சினிமாப் பாட்டுக்கு பாஸ் கிற்றார் அடிச்சவராம். நான் வடக்கு நோர்வேயில பாட்ஸ்பியோர்டில பிறந்து ஒஸ்லோவில வளர்ந்தனான். பன்னிரண்டு வருசம் கர்நாடக வயலின் பழகினனான்.

முதல் நாள் பழக்கதோஷத்தில கர்நாடக முறையில ச-ப-ச-ப எண்டு சுருதி கூட்டிப்போட்டன். பிழை விட்டிட்டன் எண்டு எனக்குச் சரியான வெக்கம். பான்ஜோக்காரர் சிரிச்சார். அந்த மலைப்பக்கத்துப் பழைய ஃபிடில்காரரும், அதாவது வயலின்காரரும், சில பாட்டுக்கு இப்பிடித்தான் கூட்டுவினமாம். அண்டைக்கே நான் இந்த பாண்டின்ர ஆள் எண்டு முடிவெடுத்திட்டன்.

பிறகுதான் பிரச்சினை வந்தது. ஒரு கோடை விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தினம். விழாத் தாளில மற்ற மூண்டு பேருக்கும் 'உறுப்பினர்', எனக்கு மட்டும் 'விருந்தினர்' எண்டு கிடந்தது. பத்திக்கொண்டு வந்தது எனக்கு. ஒழுங்கமைப்பாளருக்கு ஃபோன் எடுத்தன்.

"புளூகிராஸ்காரர் ஒரு மைக்கைச் சுத்தி நிண்டுதான் வாசிப்பினம். நீங்கள் நிலத்தில இருந்தெல்லோ வாசிக்கிறியள். நிண்டு வாசியுங்கோ, உறுப்பினர் எண்டு மாத்திறன்" எண்டு அந்த மனுசன் நொர்ஸ்க் பாஷையில வலு மரியாதையாச் சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பினது.

நிண்டு பாக்காமல் இல்லை. வயலின்ர தலையைக் கணுக்காலில சாய்ச்சு வைச்சால்தான் இடது கை சுதந்திரமா வழுக்கும். கமகம் வாறது அதிலதான். எழும்பி நிண்டால் வயலினைப் பிடிக்கவே கை காணாது. நான் வாசிக்கிறது யாரோ வாசிக்கிற மாதிரிக் கேட்கும்.

பாஸ்காரர் சொன்னார்: "ஒரு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்களேன்."

"அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணித்தான் இந்த நாட்டில இவ்வளவு காலமும் இருந்தனான். இதில மாட்டன்" எண்டன்.

விழாவண்டு மத்தியானம் அறிவிப்பாளர் தாளைப் பாத்து மூண்டு பேரை மேடைக்குக் கூப்பிட்டார். விருந்தினர் பிறகு வருவாவாம். நான்தான் முதல் ஏறினன். பாயை நடுவில விரிச்சு, சப்பாணி கட்டி இருந்து, மைக்கை என்ர வயலின் உயரத்துக்கு இறக்கினன். அறிவிப்பாளர் ஓடிவந்து அதை உயர்த்தப் பாத்தார். நான் மைக் கம்பியை விடேல்லை.

"இந்த பாண்டுக்கு மைக் இந்த உயரத்திலதான்" எண்டன்.

பான்ஜோக்காரர் எனக்குப் பக்கத்தில முழங்காலில இருந்தார். மாண்டலின்காரி மற்றப் பக்கம் குந்தினாள். ஆளுயர பாஸை இருத்தேலாது, பாஸ்காரர் பின்னால நிண்டார். வாசிச்சம். என்ர முறை வந்தபோது நான் ஒருத்தருக்காகவும் ஒரு கமகத்தையும் குறைக்கேல்லை.

கைதட்டல் அடங்க அறிவிப்பாளர் வந்தார். மைக் நிலத்துக்குக் கிட்ட நிண்டது. உயர்த்துவம் எண்டு கை நீட்டினவர் என்னைப் பாத்தார். பிறகு கோட்டை இழுத்துவிட்டு, அந்த மனுசனும் குந்தினார்.

குந்தியிருந்துதான் சொன்னார், உறுப்பினர் நாலு பேர் எண்டு.