ஏழாவது இன்னிங்ஸில் அடித்த போன்

நார்பர்ட் கோசாக் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் தென்பக்கத்துக்காரன். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் பிரேக் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மாதாகோவிலுக்கு மனைவி டோலோரஸ் இழுத்தால்தான் போவான். பேஸ்பால் சீசன் தொடங்கிவிட்டால் அவனை யாரும் எங்கேயும் இழுக்க முடியாது. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கார் ஷெட்டில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ரேடியோ, கையில் பீர். வீட்டுக்குள்ளே நல்ல டிவி இருக்கிறது. ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து கத்தினால் டோலோரஸ் விடமாட்டாள்.

கத்தாமல் அவனுக்கு ஆட்டம் கேட்கத் தெரியாது. அவன் கத்துவதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எல்மர் டுடெக். மூன்று தெரு தள்ளி, பெண்டாட்டி போனபிறகு தனியாக இருக்கிறவன். அதே டிப்போவில் டயர் பகுதி. அவனுக்கும் ஒரு ரேடியோ. ஆட்டம் நடக்க நடக்க இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போன் போடுவார்கள். ஹலோ கிடையாது, வச்சுடறேன் கிடையாது.

"பாத்தியாடா அந்த லாசோவ? மூணு பந்தும் தலைக்கு மேல போவுது, மூணுக்கும் மட்டைய வீசறான். ஈ அடிக்கறான்டா அவன்!"

"உன் பேச்சக் கேட்டுத்தான்டா அவன் பயந்து வீசறான். வாய மூடிட்டு கேளு."

டக். எல்மர் வைத்துவிடுவான். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி அடிக்கும்.

இந்த வருஷ ஏப்ரலும் அப்படித்தான் போனது. அவர்கள் டீமுக்குத் தொடக்கத்திலேயே ஒன்பது தோல்வி. "இவனுங்கள டிப்போவுக்கு அனுப்பு, நான் டயர் கழட்டக் கத்துத் தரேன்" என்றான் எல்மர். மே மாதம் ரென்ஷா என்று ஒரு புதுப் பையன் பந்து போட வந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். முதல் ஆட்டத்தில் அவன் அடிவாங்கியதும் நார்பர்ட், "இது பிட்சரா, வேலிக்கம்பா?" என்றான். எல்மர் மட்டும், "அவசரப்படாத. அந்தக் கம்புல என்னமோ இருக்கு" என்றான். ஜூனில் அந்தக் கம்பு வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தது. எல்மர் தினமும் அதைச் சொல்லிக் காட்டினான்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு, மத்தியான ஆட்டம். ரென்ஷா பந்து போடுகிறான். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தது. எதிராளி ஒருத்தன்கூடப் பந்தை அடித்து ஓடிச் சேரவில்லை, ஒரு ஹிட்கூட இல்லை.

ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட் கொடுக்காமல் போட்டு முடிப்பது சாமானியத்தில் நடக்கிற காரியம் இல்லை. அப்படி நடந்துகொண்டிருக்கும்போது அதைப்பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கெட்டுப்போகும். ஆட்டக்காரர்களே அந்தப் பிட்சர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதேமாதிரி ஒரு நாளில் நார்பர்ட் போன் போட்டு, "எல்மர், இன்னும் ஒரு ஹிட்கூட இல்ல பாத்தியா" என்று சொல்லித் தொலைத்தான். அடுத்த பந்தே ஹிட். எல்மர் பதினோரு நாள் அவனோடு பேசவில்லை. அன்றைக்குப் போட்ட சட்டம்: அந்த மாதிரி ஆட்டத்தில் போன் கிடையாது. செத்தாலும் கிடையாது. எல்மர் சொன்ன வார்த்தை அது.

ஏழாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரு ஆள் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. போன் அடித்தது. எல்மர் பேர்.

"அடப்பாவி, சட்டம் போட்டவனே கெடுக்கறியா?" என்று நார்பர்ட் போனைப் பார்த்துச் சொன்னான். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவன் ஸ்பேனர் டிராயரைத் திறந்து, போனை உள்ளே போட்டு, மூடினான். உள்ளே கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது. மூன்றாவது ஆளும் அவுட். நார்பர்ட் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் ஆளே ஹிட் அடித்துவிட்டான். நொண்டிப் பந்து, கோட்டோரம் உருண்டு போனது. எல்லாம் போச்சு. திட்டுவதற்காக எல்மருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. "கோவிச்சுக்கிட்டான், அடுத்த பதினோரு நாள் ஆரம்பம்" என்று டோலோரஸிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பன்றி சாசேஜும் உருளைக்கிழங்கும். நன்றாகவே சாப்பிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்துவீட்டு அம்மாள்தான் எல்மரைச் சமையலறைத் தரையில் பார்த்தாள். மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. நாக்கும் விழுந்துவிட்டது. இடது கையில் போன். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்த முடியாதவன் விரலுக்குப் பழகிய ஒரே பொத்தானை அழுத்தியிருக்கிறான்.

"மூணு மணிக்கே கொண்டாந்திருந்தா கதையே வேற" என்றார் டாக்டர்.

எல்மரின் மகள் கேட்டாள். "அப்பா உங்களுக்கு ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கார் அங்கிள்."

"போன் வீட்டுக்குள்ள இருந்ததும்மா. நான் ஷெட்ல இருந்தேன்" என்றான் நார்பர்ட். பொய் சொல்ல ஒரு நொடி கூட ஆகவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

எல்மருக்கு மாற்றுத்துணி எடுக்க அவன் வீட்டுக்குப் போனபோது சமையலறை மேஜைமேல் அந்த ஆட்டத்தின் தாள் கிடந்தது. எல்மர் எல்லா ஆட்டத்தையும் பென்சிலில் கட்டம் கட்டமாகக் குறித்துவைப்பான். ஏழாவது இன்னிங்ஸில் மூன்றாவது ஆளின் கட்டத்தில் ஒரு கோடு தொடங்கி, கீழே வழுக்கி, தாளைத் தாண்டி மேஜையில் போயிருந்தது. நார்பர்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். யாருக்கும் காட்டவில்லை.

ஆகஸ்ட் முழுக்க, எல்மரைச் சேர்த்திருந்த மறுவாழ்வு இல்லத்துக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு பேர் பேச்சையும் அவனே பேசினான். "லாசோ மறுபடி ஈ அடிச்சுட்டான். நீ என்ன சொல்லுவ? வாய மூடுன்னுவ. சரி, மூடிட்டேன்." எல்மர் ஒரு பக்க உதட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் நார்பர்ட் வேறெங்காவது பார்ப்பான்.

"எத்தன நாளைக்கய்யா இத வயித்துல வச்சுக்கிட்டுத் திரிவ?" என்றாள் டோலோரஸ். அவன் அவளிடம் சொல்லவேயில்லை. போனை அவன் டிராயரிலிருந்து எடுத்ததை அன்றைக்கே பார்த்திருக்கிறாள். "போய் அவன்கிட்ட சொல்லு. திட்டட்டும்."

"திட்ட அவனுக்கு நாக்கு எங்கடி இருக்கு?"

செப்டம்பர் கடைசி ஞாயிறு. சீசனின் கடைசி ஆட்டம். டீம் எப்போதோ போட்டியிலிருந்து வெளியே போய்விட்டது. ஆனாலும் ரென்ஷா பந்து போட்டான். நார்பர்ட் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"எல்மர். அன்னிக்கு போன் என் கையிலதான் இருந்துச்சு. உன் பேரப் பாத்தேன். நீ ஆட்டத்தக் கெடுக்கப் போறன்னு நினைச்சு டிராயர்ல போட்டு மூடிட்டேன். ரெண்டு தரமும் எடுக்கல."

எல்மர் ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு, அந்த மாதம்தான் கொஞ்சம் திரும்பத் தொடங்கியிருந்த நாக்கைப் புரட்டிப் புரட்டிக் கேட்டான்.

"எத்...தனாவது... இன்னிங்ஸ்?"

"ஏழு. ரெண்டு அவுட்."

எல்மர் தலையாட்டினான். "நா...னும்... எடுத்திருக்க... மாட்டேன்."

சொல்லிவிட்டு அந்த ஒரு பக்கச் சிரிப்பு.

திட்டு வாங்க நார்பர்ட் தயாராக வந்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை. ஏனென்றால் அது பொய். டோலோரஸுக்குக் குடல்வால் வெடித்த வருஷம், சமநிலையில் ஆட்டம் நீண்டு பன்னிரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது நார்பர்ட் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தவன் எல்மர். நான்கு நிமிஷத்தில் வண்டியோடு வாசலில் நின்றான். ஆஸ்பத்திரி போகிற வழியில் ரேடியோவைப் போடக் கை நீட்டியவன் நார்பர்ட்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டான் எல்மர்.

அதை இப்போது ஞாபகப்படுத்தத் தோன்றியது. விட்டுவிட்டான்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. எல்மர் அதை அடையாளம் கண்டுகொண்டான். இடது விரலால் அந்த வழுக்கிய கோட்டைத் தொட்டான்.

"மிச்சத்த... எழுது."

நார்பர்ட் பென்சிலை எடுத்து, ஏழாவதின் மூன்றாவது அவுட்டை எழுதினான். எட்டாவதை எழுதினான். ஒன்பதாவதில் அந்த ஹிட்டைக் குறிக்கும்போது கை நின்றது. எல்மர் அவன் மணிக்கட்டைத் தட்டினான். நார்பர்ட் அதையும் எழுதினான்.