உறுப்பினரின் கைப்பேசி எண்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. எங்கள் தெருவில் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

ஆரணியை ஒட்டிய சிறு பேரூர் எங்களுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன் – சொன்னால் நாளை தேநீர்க் கடைப் பக்கம் நான் தலைகாட்ட இயலாது. ஆரணிப் பட்டு என்று நீங்கள் ஆசையாய் வாங்கும் சேலைகளுள் சில எங்கள் தெருவில் நெய்யப்பட்டவை. அந்த அறிமுகம் போதும். மாந்தர் பெயர்களையும் மாற்றியே எழுதுகிறேன்.

பாவு என்பது சேலையின் நீளவாக்கு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன், கஞ்சி தோய்த்த பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒட்டியிருக்கும் இழைகளைப் பிரித்துவிட்டு, வெயில் கடுமையாவதற்குள் உலர்த்திச் சுருட்ட வேண்டும். ஒரு குடும்பம் முழுவதும் தெருவில் நிற்கும் வேலை. அந்த நேரத்தில் மிதிவண்டிக்காரர்கூட இறங்கி ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போவார். யாரும் எழுதிவைத்த சட்டம் அன்று. ஆயினும் மீறியவர் இல்லை.

அன்று மீறியது ஒரு பொக்லைன்.

குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வந்திருந்தது அது. பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த ஏகாம்பரம் அலறினார்.

“யோவ், நிறுத்துய்யா! ஈரப் பாவு கட்டிக்கினு இருக்கோம், கண்ணு தெரியல?”

“எனக்கு இன்னிக்குத்தான் தேதி குடுத்திருக்காங்க அண்ணாத்தே. ஜல்தியா சுருட்டு. இன்னிக்குள்ள பாதித் தெருவு தோண்டணும்.”

என்ன செய்வார் பாவம்? உலராத பாவை அப்படியே சுருட்டினார்கள். ஈரத்தோடு சுருட்டிய பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீண்டும் பிரிக்கையில் அறுந்து அறுந்து வரும். முகூர்த்தச் சேலைக்கான பாவு அது. ஏகாம்பரத்தின் மனைவி தெருவிலேயே அமர்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் வார்டு உறுப்பினர் வசந்தா அங்கு வந்துசேர வேண்டும்?

வசந்தாவும் நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நின்று வென்றவர். ஏகாம்பரம் திரும்பினார்.

“வாம்மா கவுன்சிலரு! இன்னிக்கித் தோண்டறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“எனக்கே தெரியாதுண்ணா. யாரும் சொல்லல.”

“உனக்கே தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்? நாங்க எதுக்கு உனக்கு ஓட்டு போட்டோம் – மாலை போட்டுக்கினு போட்டோ புடிச்சுக்கவா?”

கூட்டத்தில் ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டார் என்றே எண்ணினர். நம்பாதவர்களுள் அடியேனும் ஒருவன். உறுப்பினருக்குத் தெரியாமல் ஒரு தெருவைத் தோண்டுவார்களா என்ன?

அன்று பிற்பகல் வசந்தா என் வீட்டுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, ராஜினாமா எழுதிக் குடுங்க. நீங்கதான் நல்ல தமிழ்ல எழுதுவீங்க.”

கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவனிடம் விண்ணப்பம், வாழ்த்துரை, இரங்கற்பா எனப் பலவும் எழுதி வாங்க வருவார்கள். பதவி விலகல் மடல் இதுவே முதன்முறை.

“எழுதலாம் அம்மா. காரணம் என்னவென்று எழுதுவது?”

“எனக்கு எதுவும் சொல்றதில்லன்னு எழுதுங்க. தெருவுல நடக்கறது தெருக்காரங்களுக்குத் தெரியறப்பதான் எனக்கும் தெரியுது. அப்புறம் நான் எதுக்கு? இந்தத் தெருவுல பாதிதான் தோண்டியிருக்காங்க. மிச்சம் பாதி இருக்குது. அங்க இன்னும் எத்தினி பேரு பாவு கட்டணும் தெரியுமா? அடுத்த தடவையும் இதே மாதிரி ஆச்சுன்னா நான் வெளிய தல காட்ட முடியாதுங்கய்யா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண் நடிக்கவில்லை. எழுதுகோலை எடுத்தேன், மூடிவைத்தேன்.

“தெரிவிக்கவில்லை என்று எழுதுமுன், ஏன் தெரிவிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டுவிடுவது முறை அல்லவா?”

“நீங்களும் கூட வரீங்களா?”

போனோம்.

எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் நாற்பது அகவை மதிக்கத்தக்க பெண்மணி. ஊரார் நாவில் அவர் ‘ஈ.ஓ. மேடம்’. கலசப்பாக்கத்துக்காரர். முகஞ்சுளிக்காமல் பேசுபவர் என்று பெயர் எடுத்தவர். வசந்தா சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் மெய்யான திகைப்பு.

“சொல்லலையா? ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி உறுப்பினர்கள் எல்லாருக்கும் நானே செய்தி அனுப்பறேனேம்மா! தலைவருக்கு மட்டும் சொல்லிட்டு விடற பழக்கம் எங்கிட்ட கிடையாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சின்னும் பார்க்கிறதில்ல.”

சொன்னதோடு நில்லாமல் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப் செய்தி. (புலனம் என்று எழுத எனக்கும் ஆசைதான்; அச்சுக்கூடத்தில் ஒப்புகிறார்கள், வாசகர்கள்தாம் ஒப்புவதில்லை.) எந்தத் தெரு, எந்த நாள், எந்த நேரம் – ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது. படித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக நீலக் குறி. அதற்கும் கீழே, கைகூப்பி வணங்கும் ஒரு படம்.

“பாருங்க, நீங்க வணக்கம் கூட வச்சிருக்கீங்க.”

வசந்தா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மேடம்… இது எங்க வூட்டுக்காரரு நம்பரு.”

செயல் அலுவலர் மணியை அழுத்தி எழுத்தரை அழைத்தார்.

“பெண் உறுப்பினர்கள் நம்பரெல்லாம் யாருது?”

எழுத்தர் தயங்கவே இல்லை. இதில் தயங்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார்:

“எல்லாம் அவங்கவங்க வூட்டுக்காரர் நம்பர்தான் மேடம். எப்பவும் அப்டித்தான். லேடீஸுக்குப் பண்ணா எடுக்க மாட்டாங்க, சமையல்ல இருப்பாங்க.”

“அப்ப நான் வந்ததுலருந்து யாருக்குத் தகவல் சொல்லிக்கினு இருக்கேன்?”

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

வசந்தாவின் கணவர் முருகேசன் கெட்டவர் அல்லர். இதைச் சொல்லியே ஆக வேண்டும். மனைவிக்காகத் தேர்தலில் செருப்புத் தேய அலைந்தவர். செய்தி வந்த அன்று அவர் போளூரில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் இருந்தாராம். மாலையில் நான் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்.

“ஆபீஸ்லருந்து இன்னா வந்தாலும் ஒரு கும்புடு போட்டுருவேங்கய்யா. மரியாதைக்கு. ஒரு நாளைக்கு எவ்ளோ வருது, காலை வணக்கமே அவ்ளோ வருது… எல்லாத்தையும் படிச்சிக்கினா இருக்க முடியும்?”

ஆக, நடந்தது இதுதான். அலுவலர் ஐயமறத் தெரிவித்தார். கணவர் பணிவோடு வணங்கினார். இருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே முடித்துக்கொண்டனர். நடுவில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் ஏதும் அறியாமல் தெருவில் நின்று ஏச்சு வாங்கினார்!

சிந்தித்துப் பாருங்கள். நம் அலுவலகங்களில் ‘தெரிவிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குத்தான் எத்துணை மதிப்பு! தெரிவித்தவர் யார் என்று கேட்கிறோம். தெரிவித்த நாள் எது என்று கேட்கிறோம். தெரிந்துகொண்டவர் யார் என்று என்றேனும் கேட்டோமா?

இந்தச் செயல் அலுவலர் கேட்டார். அங்குதான் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. ‘கொடுத்த எண்ணுக்கு அனுப்பினேன், என் பொறுப்பு முடிந்தது’ என்று அவர் சொல்லியிருந்தால், மறுக்க நம்மால் ஆகுமா? அவர் அப்படிச் சொல்லவில்லை. பெண் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் அவரவர் சொந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். சிலரிடம் சொந்தக் கைப்பேசியே இல்லை. அவர்கள் வீடுகளுக்கு அவரே நடந்து போனார். கூடவே ஒரு வழக்கத்தையும் தொடங்கினார் – திங்கள்தோறும் முற்பகல், மன்றக் கூடத்தில், அந்த வாரம் நடக்கவிருக்கும் பணிகள் பற்றி உறுப்பினர்களோடு நேரில் ஓர் உரையாடல்.

உறுப்பினர்களோடு மட்டும்.

முதல் திங்களன்று பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் இருந்தேன். வேறு வேலை இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஏமாற்றம் இல்லை. உறுப்பினர்களின் கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, கடைப் பலகையில் வரிசையாய் அமர்ந்தனர். வெள்ளை வேட்டிகளின் மாநாடு!

“இன்னா முருகேசா, உன்னையுமா?”

“அத்த ஏன் கேக்கற? உள்ள போயி சேர்ல உக்காந்துட்டேன். அந்தம்மா பக்கத்துல வந்து, ‘சார், நீங்க எந்த வார்டு உறுப்பினர்?’ன்னுது. நான் இன்னா சொல்லுவேன்? ‘மூணாவது வார்டு உறுப்பினரோட வூட்டுக்காரன்’னேன். ‘ரொம்ப சந்தோஷம், எதிர்ல டீ நல்லா இருக்கும்’னு சொல்லிட்டுது.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மூத்தவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

“பேஜாரா கீதுபா. பைப்பு, மோட்டாரு, டெண்டரு – இதெல்லாம் என் சம்சாரத்துக்கு இன்னா தெரியும்?”

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்:

“பைப்புல தண்ணி வரலன்னா கொடம் தூக்கினு போறது யாரு – நீயா, உன் சம்சாரமா?”

மூத்தவர் தேநீரில் ஆழ்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்து பெண்கள் வெளியே வந்தனர். முருகேசன் எழுந்து ஓடினார். “இன்னா சொன்னாங்க வசந்தா?”

“வூட்டுக்கு வந்து சொல்றேங்க. மொதல்ல ஏகாம்பரண்ணன் வூட்டுக்குப் போவணும்.”

போனார். எனக்கும் அந்த வழிதான் என்பதால் – மெய்யாகவே அந்த வழிதான் – உடன் நடந்தேன். கூடத்தில் நடந்ததை வழியில் சொன்னார். தெருவின் மறுபாதியைத் தோண்டும் நாளைச் செயல் அலுவலர் அறிவித்தாராம். இவர் எழுந்திருக்கிறார்.

“‘மேடம், அன்னிக்கி எங்க தெருவுல பாவு கட்டறாங்களான்னு கேட்டுச் சொல்றேன். கட்டினா, காஞ்சு சுருட்டற வரைக்கும் மிஷின் நிக்கணும்’னேங்கய்யா. மேடம் உடனே ‘நாளைக்குள்ள சொல்லிடுங்க, காண்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்’னாங்க. அவ்ளோதாங்கய்யா! இத்தச் சொல்லத்தான் எனக்கு இத்தினி நாளாச்சு.”

ஏகாம்பரம் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்துத்தான் பேசினார். மனம் இன்னும் ஆறவில்லை. ஆறுமா? அறுந்த இழைகளை ஒவ்வொன்றாய் முடிந்து, சொன்ன நாளுக்குப் பிந்தி, வணிகரிடம் தலைகுனிந்து சேலையைக் கொடுக்க வேண்டியவர் ஆயிற்றே.

“அன்னிக்கி எங்க மச்சான் பாவு கட்டறாரு. நெஜமா நிறுத்துவாங்களா? இல்ல, இதுவும் பேச்சோட சரியா?”

“நான் வந்து நிக்கறேண்ணா.”

நின்றார். அந்தக் காலையில் தெருமுனையில் பொக்லைன் வாய்மூடிக் காத்திருந்தது. வசந்தா அதற்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். பாவு உலர்ந்தது, சுருட்டப்பட்டது, தறி வீட்டுக்குள் போயிற்று. அதன்பிறகே பள்ளம் தோண்டினார்கள். கூச்சலில்லை, அழுகையில்லை. ஏகாம்பரம் வண்டியோட்டிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வசந்தாவுக்கும் ஒரு தேநீர் நீட்டினார்.

இது பெரிய சீர்திருத்தமா? இல்லை. நாளை இந்த அலுவலர் மாற்றலாகிப் போகலாம்; திங்கட்கிழமைக் கூட்டமும் போகலாம். ஆனால் கூடத்தில் எழுந்து பேசிப் பழகிய கால்கள் மீண்டும் மடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்றக் கூட்டங்களில் பெண் உறுப்பினர்கள் இப்போதெல்லாம் வினா எழுப்புகிறார்களாம். விடை தேடியே மாலையாகிவிடுகிறது என்று எழுத்தர் சலித்துக்கொள்கிறார். சலிக்கட்டும்!

சென்ற வாரம். என் வீட்டுச் சாளரத்தருகே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு வாசலில் ஏகாம்பரம். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த முருகேசனை மறித்தார்.

“முருகேசா, எங்க வூட்டுக் குழாயில எப்ப தண்ணி வுடுவாங்களாம்?”

முன்பெல்லாம், ‘நான் பாத்துக்கறேண்ணா, நீ போ’ என்று தோளில் தட்டி அனுப்பியிருப்பார். அன்று முருகேசன் வீட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தார்.

“கவுன்சிலரே! உங்களப் பாக்க ஆள் வந்திருக்குது.”

பிறகு ஏகாம்பரத்தின் காதருகே குனிந்து, என் சாளரம் வரை கேட்கும் குரலில் ‘இரகசியம்’ சொன்னார்.

“உள்ள போயி கேளுண்ணா. அப்டியே எனக்கும் சேத்துக் கேட்டுக்கினு வா.”