வயலில் நட்ட முளைக்குச்சி

திருவாதவூர்ப் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. எங்கள் அய்யா கூலிக்கு உழுத நிலம். நான் வாங்கினேன். அதற்கு மேலேதான் அந்த வெளிச்சம் வந்து நின்றது.

மூன்று வெளிச்சம். ஒன்று சிவப்பு. பிளேன் என்றால் போய்விடும். இது போகவில்லை, சத்தமும் இல்லை. ராத்திரி நேரம், நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வீடு கட்டி வந்திருக்கும் வாத்தியார் வரப்புக்கு வந்து என்னோடு நின்று பார்த்தார். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை அவருக்கு. அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

அந்த வாரம் திரும்பவும் வந்தது. ஊரே பார்த்தது. டீக்கடையில் என் பங்காளி சொன்னான்:

"ரோடு போட எடம் பாக்குறாய்ங்கண்ணே. டிரோன் விட்டு அளக்குறது இப்பிடித்தான். எங்கன நிக்கிதோ அங்கன கல்லு நட்டு நெலத்த எடுத்துருவாய்ங்க. யாரு கேட்டாலும் பாக்கலைன்னு சொல்லிப்புடணும்."

எல்லாரும் சரி என்றார்கள். வாத்தியாருக்கு நிலம் கிடையாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார்.

ஒருநாள் காலையில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர், வி.ஏ.ஓ., சர்வேயர். ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டி விசாரித்தார்கள்.

"ராத்திரி வானத்துல என்ன பாத்தீங்க?"

"நெலாவப் பாத்தோம் சார்" என்றான் பங்காளி.

"அதுக்குப் பெறகு?"

"சோத்தத் தின்னுட்டுப் படுத்துட்டோம்."

"எனக்கு மாலைக்கண்ணு சார்" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "இம்புட்டுப் பேரு பாக்காதத நீங்க மட்டும் எப்பிடி சார் பாத்தீங்க? ஏர்போர்ட் வரைக்கும் போன விசயம். பொய்த் தகவல்னா கேசு ஒங்க மேலதான். பள்ளிக்கூடத்துக்கும் எழுத வேண்டியிருக்கும்."

"பார்த்தேன் சார்" என்றார் வாத்தியார். அவ்வளவுதான். கூட நின்றவன் நான் என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன்.

"நானும் பாத்தேன்" என்றேன்.

"எங்க?"

"என் வயலுக்கு மேல."

பங்காளி காறித் துப்பினான். என் வீட்டுக்காரி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

வயலுக்குக் கூட்டிப்போனேன். நான் நின்ற இடத்தைக் காட்டினேன், வெளிச்சம் நின்ற திசையைக் காட்டினேன். சர்வேயர் அந்த இடத்தில் முளைக்குச்சி ஒன்றை அடித்தார். தலையில் சிவப்புப் பெயிண்ட்.

"இது எதுக்கு சார்?"

"அடையாளத்துக்கு."

"எம்புட்டு நாளைக்கு?"

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

வாத்தியார் மேல் கேசு இல்லை. கொஞ்ச நாள் போலீஸ்காரர்கள் கண்மாய்க்கரையில் காவல் இருந்தார்கள். வெளிச்சம் வரவில்லை. அப்புறம் அவர்களும் வரவில்லை. அது என்ன வெளிச்சம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"புடுங்கி எறிஞ்சிருங்க" என்றாள் வீட்டுக்காரி.

"அவிங்க நட்டது. நிக்கட்டும்."

"நெலம் போயிருச்சுன்னா?"

"போனாப் பாப்போம்."

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளாமை எடுத்துவிட்டோம். குச்சி அங்கேயே நிற்கிறது. பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. டிராக்டர்காரனிடம் அதைச் சுற்றி ஓட்டச் சொல்கிறேன். உழாத அந்த இடத்தில் புல் முளைக்கிறது. மாட்டுக்கு ஆகிறது.