அண்ணியின் நான்காவது சுற்று

அண்ணிக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. இன்றைக்கும் பூங்காவில் ஓடுகிறாள். ஓடுவதற்கு முன் கால் மணி நேரம் குதிகாலால் நடப்பாள், நுனிக்காலால் நடப்பாள், மரத்தைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி இழுப்பாள். சிமென்ட் பாதையில் ஓடமாட்டாள், பக்கத்து மண்ணில்தான். ஒரு நாள் வலப்பக்கமாகச் சுற்றினால் மறுநாள் இடப்பக்கமாக. எதிரே வரும் பெரியவர்கள், "தப்பான பக்கம் வர்றீங்கம்மா" என்பார்கள். "நேத்து உங்க பக்கம்தானே வந்தேன், அப்ப யாரும் பாராட்டலையே" என்பாள். அந்த வாய் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

இந்த ஒழுங்கெல்லாம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது நானும் அவளும்தான். அம்மா போய்விட்டாள். அண்ணன் போய் நான்கு வருடமாகிறது. வீட்டையும் விற்றாகிவிட்டது. மனசு கேட்காத நாட்களில் அந்தத் தெரு வழியாகப் போய், மொட்டை மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். அங்கே இப்போது யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

அப்போது அண்ணிக்கு இருபத்தொன்பது, எனக்கு இருபத்தாறு. நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். அண்ணி பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லும். எங்கள் விஷயத்தில் ஊர் ஏமாந்தது. அவள் வருவதற்கு முன்பு எங்கள் வீட்டில் வானொலிதான் பேசும். அவள் வந்த பிறகு வானொலியை யாரும் போடவே இல்லை.

ஒரு நாள் கம்பெனியில் அடுப்புப் பக்கம் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது, பெரிய சேதமில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நாங்க எல்லாரும் வெளிய ஓடி வந்தோம். அவங்க உள்ள ஓடினாங்க. எனக்கு அந்தப் பக்கம் ஓடணும்டி."

இரண்டு மாதத்தில் தீயணைப்புத் துறையில் முதல் முறையாகப் பெண்களை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்பு முப்பது. அடுத்த அறிவிப்பு வரும்போது அண்ணி வரம்பைத் தாண்டியிருப்பாள். எழுத்துத் தேர்வு அவளுக்குப் பெரிய விஷயமில்லை. மைதானத்தில் நான்கு சுற்றை ஒன்பது நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதுதான் இடித்தது.

"ஓடி விளையாடற வயசாடி இது?" என்றாள் அம்மா.

"ஓடட்டும்மா. துரத்திட்டு வான்னு என்னைக் கூப்பிடாத வரைக்கும் சரி" என்றான் அண்ணன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தன்னுடைய பழைய ஷூவை அவன்தான் கொடுத்தான். நுனியில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

தெருவில் ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மொட்டை மாடியிலேயே ஓடினாள். வெறும் சிமென்ட் தரை. நடுவில் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி, விடிந்தும் விடியாமலும் நூறு சுற்று. எடுத்த எடுப்பிலேயே நூறு. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் இன்னொரு ஐம்பது.

மூன்றாவது வாரம் இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பு வலிக்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ஓடி ஓடித்தான் வலியைப் போக்க வேண்டும் என்று தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அவள் மறைத்த வலியைக் கண்டுபிடித்தவர் மாடி அறையில் குடியிருந்த தையல்காரர். அவருடைய கூரைதான் அண்ணியின் மைதானம்.

ஒரு நாள் என்னைப் படியில் நிறுத்தினார். "உங்க அண்ணி ஓடறது இத்தனை நாள் தையல் மிஷின் மாதிரி ஒரே சீரா கேட்டுது. இப்ப வலது காலு ஓங்கி விழுது, இடது காலு தொட்டுட்டு ஓடிடுது. கால்ல என்னவோ இருக்கு, பாருங்கம்மா."

கையும் களவுமாக மாட்டியவளை நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பிசியோதெரபிஸ்ட் ஒரு கண்டிப்பான அம்மா. கட்டைவிரலால் எலும்பு ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஷூவை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். ஓடும் இடத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பரவலா வலிக்குது, அது வரைக்கும் தப்பிச்சீங்க. தசை இழுத்து இழுத்து எலும்பு ஓரத்தைப் புண்ணாக்கி வச்சிருக்கு. இப்படியே ஓடினா எலும்பு கீறல் விடும். மூணு வாரம் ஓடக்கூடாது. அப்புறம் மண்ணுல, கொஞ்சம் கொஞ்சமா. ஒரே ஒரு இடத்துல, விரல் வச்சுக் காட்டற மாதிரி வலிச்சா, அங்கேயே நின்னுடணும். எந்த ஓட்டமா இருந்தாலும் சரி."

என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த மூன்று வாரத்தைத்தான் சொல்வேன். கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்து ஐந்து வருடத்தில் அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அம்மா துண்டில் ஐஸ் கட்டி வைத்துவிட்டாள். காலால் காற்றில் எழுத்து எழுதுவது ஒரு பயிற்சி. அண்ணி அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதுவாள், நான் படித்துவிட்டுச் சிரிப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, "என்னைப் பத்தித்தானே?" என்று கரெக்டாகக் கேட்பாள். வேலை முடிந்ததும் நான் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஓடியது நான்தான்.

வேலை கிடைத்தால் ஒரு வருடம் வெளியூரில் பயிற்சி, அதன் பிறகு எங்கே போடுவார்களோ. அண்ணன் பணிமனை மாற்றம் வாங்கிக்கொண்டு கூடப் போய்விடுவான். நானும் அம்மாவும் அந்த வானொலியும்தான் மிச்சம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை?

மூன்று வாரம் கழித்து அண்ணன் புது ஷூ வாங்கி வந்தான், அவள் அளவில். பள்ளிக்கூட மைதானத்து மண்ணில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். வாராவாரம் கொஞ்சம் கூட்டினாள். இப்படியே போனால் தேர்வுக்கு முன்னால் நான்கு சுற்று வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அப்போதுதான் தேர்வை மூன்று வாரம் முன்னால் நகர்த்திக் கடிதம் வந்தது. அண்ணி அதுவரை இரண்டரைச் சுற்றுதான் எட்டியிருந்தாள்.

"இன்னும் தயாராகல" என்றார் பிசியோ அம்மா. "போறதும் போகாததும் உங்க இஷ்டம். நான் சொன்ன அடையாளத்தை மட்டும் மறக்காதீங்க."

அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான்தான் கூடப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். இருபது பெண்கள். எல்லாரும் இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முதல் மூன்று சுற்றும் அண்ணி அழகாக ஓடினாள், நடுவாந்தரமாக, யாரையும் முந்தாமல். கடிகாரம் அவள் பக்கம்தான் இருந்தது. நான்காவது சுற்றில் பாதி தாண்டி வளைவில் திரும்பும்போது பார்த்தேன், இடது கால் தரையைத் தொட்டுவிட்டு ஓடியது.

இன்னும் இருபது அடி ஓடினாள். அப்புறம் ஓரமாக ஒதுங்கி நின்றாள். குனிந்து முன்னெலும்பில் ஒரு விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவளைத் தாண்டி ஒவ்வொருத்தியாக ஓடிப்போனார்கள். எல்லைக்கோடு அங்கிருந்தே தெரிந்தது. நொண்டிக்கொண்டு போயிருந்தால்கூட நேரத்துக்குள் போயிருப்பாள்.

நின்றதால்தான் கால் பிழைத்தது என்று மறுநாள் பிசியோ அம்மா சொன்னார். அண்ணி பிஸ்கட் கம்பெனியிலேயே இருந்து ஓய்வு பெற்றாள், இன்றுவரை ஓடுகிறாள். அதெல்லாம் பிறகு.

விசில் ஊதினார்கள். அண்ணி மைதானத்துக்குக் குறுக்கே மெதுவாக என்னை நோக்கி நடந்து வந்தாள். முகம் முழுக்க வியர்வை. நான் வேலிக்கு மேலே பாட்டிலை நீட்டினேன்.

"ஒரே இடத்துல வலிச்சுதுடி. நின்னுட்டேன்" என்றாள்.

பாட்டிலை வாங்கியவள் குடிக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற?" என்று கேட்டாள்.