காரணம் குறிப்பிடப்படாத இடுப்பு வலி

"இவர் சொல்றதுல பாதியைக் கழிச்சிட்டுத்தான் கேக்கணும்" என்பாள் என் மனைவி. தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியே உங்களைத் தூங்க விடாது. ஏனென்றால் இது எனக்கே நடந்தது. நள்ளிரவிலும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் வேளையில், நாற்பது பேர் நடுவில், பளிச்சென்ற விளக்கொளியில்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். மெடிக்கல் கோடிங் வேலை. டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். டாக்டர் எழுதாததை நாமாகச் சேர்க்கக் கூடாது. வெறும் இடுப்பு வலி, காரணம் எழுதவில்லை என்றால் எம் 54.50. உலகத்தில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி. மீதிப் பேர் அதற்குக் குறியீடு போட்டுப் போட்டே இடுப்பு போனவர்கள்.

என் நாற்காலி உடைந்ததால், காலியாகக் கிடந்த ஒரு மூலை மேஜைக்கு மாறினேன். ஏசி நேராக வீசும் அருமையான இடம். அதை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் குறிப்பு இடுப்பு வலி. எம் 54.50 என்று அடித்தேன்.

டிக்.

அமுக்குப் பேனாவின் சத்தம். கூடவே நடுமுதுகில் ஒரு குத்து. துள்ளித் திரும்பினேன். சுவர். நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பூனைகூட நிற்க முடியாது.

பக்கத்து மேஜைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தூக்கம்'.

"யோவ் தூக்கம், குத்துனியா?"

"என் கை அவ்வளவு நீளம்னா, உட்கார்ந்த இடத்துலேருந்தே டீ எடுத்துக்குவேனே சார்."

எரிச்சலோடு குறிப்பை மறுபடி படித்தேன். கடைசி வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: முதுகெலும்பில் விரிசல். நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். திருத்தினேன். அப்புறம் குத்து விழவில்லை.

அப்புறம் எனக்கு ஒரே கொண்டாட்டம். குத்து விழுந்தால் மறுபடி படிப்பேன். ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். பிழையே செய்யாத கோடர் பூமியில் நான் ஒருவன்தான் என்று பேச்சு. பேசியது நான்தான், இருந்தாலும்.

ஒரு புதன்கிழமை. மணி 2.10. கணினியை இன்னும் திறக்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது.

டிக்.

இந்த முறை நடுமுதுகில் இல்லை. இடது விலாவுக்குக் கீழே.

எழுந்தேன். நடந்தேன். உட்கார்ந்தேன். டிக். அதே இடம்.

எதைத் திருத்துவது? திரையில் எந்த நோயாளியும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் இருந்தது. என் தோளுக்குப் பின்னால்... சுவர் தெரியவில்லை.

அன்று மாலையே டாக்டரிடம் போனேன்.

"உட்கார்ந்தே செய்யற வேலை. வெறும் இடுப்பு வலிதாங்க" என்று கணினியில் அடித்தார்.

டிக்.

அவர் கையில் பேனா இல்லை.

"டாக்டர், ஸ்கேன் எடுங்க."

"தேவையில்லைங்க."

டிக். டிக். டிக்.

"எடுங்க டாக்டர். இல்லன்னா இங்கயே படுத்துருவேன்."

எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கட்டி. ஆறு மாதம் விட்டிருந்தால், இந்தக் கதையை நான் வேறு வழியில்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்ததும் தூக்கம் பார்க்க வந்தார். அன்று அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

"அது பேனா அக்கா சீட்டு சார். நம்ம வேலையைச் சரிபார்க்கிறவங்க. தப்புப் பண்ணா பின்னால வந்து பேனாவால குத்துவாங்க. நீங்க சேர்றதுக்கு முன்னாடியே இறந்துபோயிட்டாங்க."

"எப்படி?"

"இடுப்பு வலின்னு காட்டியிருக்காங்க. டாக்டர் உள்ள என்னன்னு பார்க்கல, காரணமும் எழுதல. குறிப்பெல்லாம் நமக்குப் பேர் இல்லாமத்தானே வரும்... அது அவங்க மேஜைக்கே வந்திருக்கு. எம் 54.50 சரின்னு அவங்களே பாஸ் பண்ணியிருக்காங்க. போன பிறகு தேதி, வயசை வச்சுத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

வீட்டுக்குக் கிளம்பும்போது சர்ஜன் கேட்டார்: "உங்க முதுகுல முன்னாடியே அடையாளம் வச்சது யாரு? கட்டி இருந்த இடத்துக்கு நேரா, நீல மைப் புள்ளி. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சும் போகலை."

நான் சிரித்தேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

நேற்று வரைக்கும்.

நேற்று மதியம் மனைவி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஈர முடியை முன்னால் தள்ளினாள்.

கழுத்துக்குக் கீழே... நீலமாக... ஒரு புள்ளி.

விரலால் தேய்த்தேன். போகவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"இங்க வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

நாளைக் காலை அவளுக்கு ஸ்கேன். எனக்கு செக்கப் என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறேன்.

பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன் அல்லவா?

அந்தப் பாதியில் இந்தப் புள்ளி போய்விடட்டும்.