கொமினிகேஷன் கடையின் நீள வாங்கு

போன கிழமை மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். காதுக்குள் இரண்டு வெள்ளைப் பொட்டுகளைச் செருகிக்கொண்டு, போனில் தெரிந்த ஒரு பையனின் முகத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். "நேத்து ஏன் எடுக்கல்ல? பொய் சொல்லாத" என்று அவள் சொன்னது கடைசி இருக்கை வரை கேட்டிருக்கும். பஸ்ஸில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ அந்தப் பையன் என்ன பதில் சொன்னான் என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி, சந்தைக்குள் மரக்கறி வாங்கும்போதும் அதே யோசனைதான். வயது போனாலும் பழைய தொழில் புத்தி போகவில்லை.

தொழில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கலியாணத்துக்கு முன் நான்கு வருஷம் எங்கள் ஊர்க் கொமினிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் தரிப்பு, ஒரு பிள்ளையார் கோயில், இவ்வளவுதான் எங்கள் ஊர். நாங்கள் அதை 'டவுன்' என்போம். மட்டக்களப்பில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து யார் யாருக்கு எடுத்தாலும் அந்த ஒரே கடைக்குத்தான் எடுக்க வேண்டும். "இன்னாரைக் கூப்பிட்டு வையுங்க, இருபது நிமிசத்தில திரும்ப எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார்கள். நான் வெளியே வந்து ஒரு சத்தம் போட்டால் போதும். பக்கத்துத் தையல்கடை றகீம் காக்கா மெஷினை விட்டு எழுந்து சைக்கிளில் ஏறிவிடுவார். ஏறாவூர்க்காரர், ஆனால் எங்கள் ஊர்ச் சந்து, ஒழுங்கையெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கடையை நினைத்தாலே முதலில் வருவது ரிசீவரின் வாசம்தான். வெற்றிலை, தைலம், முகப்பவுடர், மீன் வாடை எல்லாம் அந்தச் சின்னக் குழிகளுக்குள் அடைந்து கிடக்கும். காலையில் ஒடிக்கலோன் போட்டுத் துடைப்பேன், பத்து மணிக்கெல்லாம் ஊர் மறுபடி உள்ளே வந்துவிடும். பலகையால் அடித்த ஒரே ஒரு பூத். மாரியில் கதவு ஊதி, அதற்குப் பிறகு சரியாகச் சாத்துப்படவில்லை. கதவைச் சீவ ஓடாவியைக் கூப்பிடச் சொல்லி முதலாளி இரண்டு மூன்று தடவை சொன்னார். "சொல்லியிருக்கன், வரல்ல" என்றேன். உண்மையில் நான் சொல்லவே இல்லை. இவ்வளவு காலம் கழித்து உங்களிடம் ஒப்புக்கொள்வதற்கு என்ன, எனக்கு ஊர்க்கதை கேட்பதில் அப்படி ஒரு ஆசை.

பூத்துக்கு எதிரே சுவரோரமாக நீள வாங்கு ஒன்று. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம், வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது பேர் இருப்பார்கள். அரபு நாடுகளில் அன்றுதானே லீவு. வாங்கில் இருப்பவர்கள் கேட்காத மாதிரி இருக்க வேண்டும் என்பது முறை. ஒருவர் முகட்டைப் பார்ப்பார், ஒருவர் நகத்தைப் பார்ப்பார். ஆனால் காது எல்லோருக்கும் பூத்துக்குள்தான். ஒருநாள் குவைத்திலிருந்து ஒரு மகள், "சிவப்பு மாடு எப்பம்மா கண்டு போட்டது?" என்று கேட்டாள். தாய் யோசிக்கத் தொடங்குமுன், "போன அமாவாசைக்கு முதல்நாள்" என்று வாங்கிலிருந்து பதில் போனது. தாய் அதையே ரிசீவரில் சொன்னாள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

பதில் சொன்னது பாக்கியம் மாமி. வாங்கின் நடு இடம் அவவுக்குத்தான். அவவின் மகளும் குவைத்தில்தான், மாதத்தில் ஒருதரம் எடுப்பாள். மாமி நான்கு வெள்ளியும் வருவா. "தப்பித்தவறி எடுத்தாளெண்டா?" என்பா.

யோகாவின் கதை இந்த வாங்கில்தான் நடந்தது. கோயிலடி யோகாவுக்குக் கரடியனாற்றுப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெடியன் கட்டாரில். பெண் பார்க்க வந்தபோது ஒருதரம் கண்டதோடு சரி, மிச்சமெல்லாம் வெள்ளிக்கிழமை போனில்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். யோகாவுக்கென்று அவளுடைய அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருந்தார், சுவர் எழும்பிக் கூரைக்குப் பார்த்து நின்றது. ஆகவே அந்தப் பெடியன் பெண்ணை மட்டுமல்ல, எங்கள் ஊரையும் சேர்த்துத்தான் கட்டப் போகிறார். ஊருக்கும் அது தெரியும். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பெண் வீட்டார் என்றே எண்ணிக்கொண்டார்கள்.

யோகா பூத்துக்குள் போனால் "ம்" என்பாள். "சாப்பிட்டாச்சா" என்பாள். மறுபடி "ம்." வெளியே ஒன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வேறு என்னதான் பேசுவாள்? அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இது எங்கே தெரியும்? நாலைந்து மாதம் இந்த 'ம்'மையே கேட்டு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நேராகவே கேட்டார். கதவு இடுக்கால் எனக்கும் கேட்டது.

"நான் உங்கட வீட்டில வந்து இரிக்கிறது உனக்கு விருப்பமா? உண்மையச் சொல்லு."

யோகா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. பாக்கியம் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஓமெண்டு சொல்லன் புள்ள. இதுக்கென்ன யோசின?"

மாமியின் குரல் கட்டார் வரை போய்விட்டது. "ஆரது? பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று கேட்டது. அதோடு வைத்துவிட்டார். யோகா வெளியே வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் குனிந்தபடி போனாள்.

அடுத்த வெள்ளி கோல் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் யோகா வந்து இரண்டு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் போனாள். மூன்றாம் வெள்ளி அவளே வரவில்லை. கூரை வேலை நின்றுவிட்டது. பாக்கியம் மாமி வாங்கின் நடுவை விட்டு ஓரத்தில் இருக்கத் தொடங்கினா. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. "என்ட வாய்க்கு நெருப்பு வைக்க வேணும்" என்று என்னிடம் ஒருதரம் சொன்னா. மாமியின் வாயை மட்டும் சொல்லி என்ன பயன்? அந்தக் கதவு சாத்துப்பட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அப்போதுதான் ஓடாவியிடம் போனேன். அவர் அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார்.

நாலாம் வெள்ளி, பின்னேரம் இரண்டு மணி இருக்கும். போன் அடித்தது. யோகாவின் மாப்பிள்ளைதான்.

"அவட அண்ணனக் கொஞ்சம் கூப்பிட்டு வையுங்க. இருபது நிமிசத்தில எடுக்கிறன்."

குரலில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. யோகாவை விட்டுவிட்டு அண்ணனைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். றகீம் காக்கா ஜும்மா முடிந்து வந்து கடையைத் திறந்துகொண்டிருந்தார். நான் வெளியே போனேன்.

"காக்கா, யோகாவக் கூட்டி வாங்க."

"அண்ணனையெல்லோ கேட்டாரு?" என்றார் அவர். "அண்ணனையா?" என்று நான் போனில் திரும்பக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கிறது.

"யோகாவத்தான்."

என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கேட்டவரை விட்டு வேறொருவரை அழைப்பித்தது அந்த நான்கு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

யோகா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். மா பிசைந்த கை, கழுவக்கூட இல்லை. அவள் வாசலில் கால் வைத்ததும் பாக்கியம் மாமி எழுந்தா.

"எல்லாரும் எழும்புங்க. வெளியால போவம்."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கு முழுவதும் எழுந்தது. நான் மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றேன்.

"நீயும் வாகா. இதுக்குள்ள உனக்குத்தான் காது கூட" என்றா மாமி.

கடையை யோகாவிடம் விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து எதிரே பஸ் தரிப்பில் போய் நின்றோம். நிழல் இல்லை. பின்னேர வெயில் நேரே முகத்தில் அடித்தது. றகீம் காக்கா தன் மெஷினைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து நின்றார். கடைக்குள் போன் அடித்தது. கண்ணாடிக் கதவால் பார்த்தோம். யோகா பூத்துக்குள் போகாமல், என் மேசைப் போனையே நின்றபடி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கதிரையில் உட்கார்ந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு கதை அவளுக்குள் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரடியனாற்று பஸ் வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. பத்துப் பேர் நின்றால் நிற்காமல் என்ன செய்யும்? கடை மறைந்துவிட்டது. ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றான் கொண்டக்டர்.

"நாங்க பஸ்ஸுக்கு நிக்கல்ல மனே. நீ கெதியா பஸ்ஸ எடு" என்றா மாமி.

அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்து, பைத்தியங்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு மணியடித்தான். பஸ் விலகியபோது யோகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அன்று என்ன பேசினாள் என்று யோகா ஒருவருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது, வாங்கு வெறிச்சோடியது. கடையை மூடிச் சாமான்களைக் கொடுத்து முடிக்கும் நாளில், பூத்துப் பலகையைக் கோழிக்கூட்டுக்குக் கேட்டு யோகா வந்தாள். அப்போதுதான் தானாகவே சொன்னாள்.

"அண்டைக்கு அவர் வேணாமெண்டு சொல்லத்தான் எடுத்தவர் அக்கா. எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியல்ல. திரும்பிப் பார்த்தா நீங்கெல்லாம் ரோட்டில நிக்கிறீங்க. அவரிட்ட, நான் உங்களோட கதைக்கட்டுமெண்டு எங்கட ஊராக்களெல்லாம் வெயிலுக்க நிக்கிறாங்க, பாக்கியம் மாமி தலையில சீலையப் போட்டுக்கொண்டு நிக்கிறா எண்டு சொன்னன். முந்தி ஓமெண்டு சொல்லச் சொன்னவவா எண்டு கேட்டார், ஓமெண்டன். பிறகு, அப்பிடியெண்டா நான் வாறன் எண்டார்."

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் வெறும் கடைக்குள் நின்று அழுதேன்.

மாமி போய்ச் சேர்ந்துவிட்டா. றகீம் காக்கா ஏறாவூரோடு நின்றுவிட்டார். இப்போது என் மகனும் கட்டாரில்தான். போன மாதம் ஒரு பின்னேரம் எடுத்தான். சித்திரைக்கு வரமாட்டானாம், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கேயே ஒப்பந்தம் எழுதிவிட்டானாம். "சரி மகன், உடம்பப் பாத்துக்கொள்" என்று சொல்லி வைத்தேன். குசினி அடுப்படியில் நிற்க முடியாமல் கேற்றடிக்கு வந்தேன். ரோட்டில் ஆட்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். யோகாவின் புருஷன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு கையை உயர்த்திச் சிரித்துவிட்டுப் போனார். நான் ஏன் கேற்றடியில் நிற்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோல் வந்ததை என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லையே.