உப்புக் காற்றில் ஒரு கேம் பெட்டி

எங்கள் தொழிலில் பழுதைவிடக் கருத்துதான் அதிகமாக வந்து சேரும். நாம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்குள், எந்தப் போன் ஒஸ்தி, எந்தக் கம்ப்யூட்டர் மட்டம் என்று எதிரில் நிற்பவர் தீர்ப்பே சொல்லி முடித்திருப்பார். நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவரென்றால் விளக்கம் தேவையில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

என் கடை பழவேற்காட்டில், ஏரியைப் பார்த்த ஒரு மீனவக் குப்பத்தின் முனையில் இருக்கிறது. நான் இந்த ஊர்க்காரி அல்ல. காட்டூரில் நெல் பயிரிடும் குடும்பம். பொன்னேரியில் படித்து முடித்ததும், போன்கள் எங்கே சீக்கிரம் சாகும் என்று யோசித்துப் பார்த்து இங்கே வந்து கடை போட்டேன். உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் மீன் செதிலும் என்னை இதுவரை கைவிட்டதில்லை. ஒரே ஒரு சிக்கல், கடை இருக்கும் அறை ஊருக்குச் சொந்தமானது. ஊர் சொன்னால் காலி செய்ய வேண்டும். போன வருடம் ஊர் சொல்லிவிட்டது. காரணம், கடையின் பின்பக்கம் ஒரு பழைய டிவியோடு சேர்த்து நான் வாங்கி வைத்த கேம் பெட்டி.

ஓரவஞ்சனை

தேசம்மா நண்டு வியாபாரி. வந்திறங்கும் நண்டைப் படம் எடுத்துப் பொன்னேரி ஓட்டல்காரர்களுக்கு அனுப்புவார். படம் எடுப்பாக இருந்தால் உடனே ஆர்டர் வரும். ஒரு நாள் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, கேமரா கெட்டுப் போய்விட்டது என்றார். எடுத்துப் பார்த்தேன். கேமராவுக்கு ஒன்றுமில்லை. முகத்தைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டும் வசதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவா என்று கேட்டேன். அணைக்கக் கூடாதாம். நண்டுக்கும் அதைப் போட்டுத் தர வேண்டுமாம்.

அது மனித முகத்தைத் தேடிப் பிடித்துத்தான் வேலை செய்யும், நண்டுக்கு முகம் எது என்று அதற்குத் தெரியாது என்று எடுத்துச் சொன்னேன். தேசம்மா சமாதானமாகவில்லை. தன் படத்தையும் நண்டின் படத்தையும் மாறி மாறித் தள்ளிக் காட்டினார். "எனக்கு எதுக்குடி வெள்ள மூஞ்சி? என்னியா வாங்கப் போறான் ஓட்டல்காரன்? விக்கிற சரக்கக் கருப்பா உட்டுட்டு விக்கிறவள வெளுக்குது. இத செஞ்சவன் ஒரு நாளும் யாவாரம் பண்ணியிருக்க மாட்டான்."

கோபம் வராத கம்ப்யூட்டர்

காட்டூரில் என் பெரியப்பாவிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. திறந்தால் அது எழுந்து வருவதற்குள் அவர் வயலுக்கு மடை திருப்பிவிட்டு வந்துவிடுவார். பார்க்கப் பாவமாக இருந்ததால் உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். சட்டென்று திறந்தது. எதையும் வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை, எச்சரிக்கை எதுவும் குதிக்கவில்லை. நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போனதும் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பழையபடி ஆக்கிக் கொடு என்றார். மெதுவாக இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. நின்று போகிறதா, அதுவும் இல்லை. பிறகு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நல்லாதாம்மா கீது. முன்னாடி அது நின்னா திட்டுவேன், மூடித் தொறப்பேன், பொழுது போவும். கோச்சிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத பொட்டிய மடியில வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

யாரைக் கேட்டு?

எல்லப்பன்தான் ஊர்த் தலைவர். என் கடைக்கு அறையைக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு நாள் காலையில் போனை ஒரு துண்டில் சுற்றி, அடிபட்ட பறவையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஆகியிருந்தது. பச்சை பட்டன் இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்தது. மகளின் போட்டோ மேலே போயிருந்தது, கடிகாரம் தடித்துப் பருத்திருந்தது. எல்லாம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்றேன். இடம் மாறினால் எல்லாம் இருப்பதாக எப்படிச் சொல்வாய் என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உங்கள் பாடு வரும் நாளில் நீங்கள் வலை கட்டவில்லை என்றால் அது போனதுதான், அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். இதை நடத்துகிறவர் எல்லப்பன். போனை அவர் மறுபடி துண்டில் சுற்றினார். "எங்க ஊர்ல வலை கட்ற ஒரு கழிய நகத்தி நடணும்னா கூட்டம் போட்டுக் கேக்கணும். இவன் ஒரே ராத்திரில அத்தினியும் நகத்திட்டான். யாரு இவனுக்குத் தலைவரு? கூப்புடு, பேசணும்."

கெலிக்கிற நேரம்

எல்லப்பனின் மகன் டில்லி. கல்யாணமாகாதவன். பெண் பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். வந்து உட்காரும் இடம், என் கேம் பெட்டியின் முன்னால். கால்பந்தில் அவனை ஜெயிக்கக் குப்பத்தில் ஆள் இல்லை. அன்றைக்கு அப்பாவுக்கு ஏரியில் பாடு, அதுவும் எல்லோரும் ஆசைப்படும் இடத்தில். வலை கட்ட மூன்று பேர் வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேர் கரையில் நின்றார்கள். மூன்றாவது ஆள் இங்கே கோல் போட்டுக்கொண்டிருந்தான். போன் அடித்திருக்கிறது. அதை நான்தான் சைலண்டில் போடச் சொல்லியிருந்தேன், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று.

பாடு போனது. தலைவர் வீட்டுப் பாடே போனது என்று ஊர் சிரித்தது. மறுநாள் எல்லப்பன் வந்து, குரலை உயர்த்தாமல், அடுத்த சீட்டுக் குலுக்குவதற்குள் அறையைக் காலி செய்துவிடு என்றார். காட்டூரில் கடை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கே போன்கள் காய்ந்த தரையில் சுகமாக வாழ்கின்றன, நான்தான் பட்டினி கிடக்க வேண்டும். டில்லியைப் பார்த்து, போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினேன், கிடைக்கவில்லை. "எப்டிக்கா போறது? நான் கெலிச்சினு இருந்தேன். தோத்துகினு இருந்தா நைனா கூப்புட மின்னாடியே போயிருப்பேன்."

இடப்பக்கம் இழுக்கும் கை

அறை போகப் போகிறது என்று தெரிந்ததும் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. மூடுகிற கடைக்கு நம் ஜனங்கள் காட்டும் மரியாதை அது. பெட்டிக்கு இரண்டு கன்ட்ரோலர், பையன்கள் அதைக் கை என்பார்கள். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றின் உள்ளே உப்பு ஏறி, கை வைக்காவிட்டாலும் ஆட்டக்காரனை இடப்பக்கமாகவே இழுத்தது. நான் எத்தனை முறை துடைத்துப் போட்டாலும் ஒரு வாரத்தில் மறுபடி இழுக்கும். நல்லது யாருக்கு என்பதில் சண்டை வந்து, ஒரு பெஞ்சு உடைந்தது, ஒருவன் சட்டை கிழிந்தது. விவகாரம் ஊர்க் கூட்டத்துக்குப் போனது. என் கதை இன்றோடு முடிந்தது என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லப்பன் விசாரித்தார். எத்தனை பேர் ஆட முடியும், எவ்வளவு நேரம், எந்தக் கை நல்ல கை, எந்தக் கை கெட்ட கை என்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. இடம் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் அதிகம், ஒரு இடம் நல்லது, ஒரு இடம் மோசம். இப்படி ஒன்றை அவர் முன்னால் வைத்தால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மூடச் சொல்ல வந்தவர், சீட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஏரியில் பாடு இருப்பவனுக்கு அன்றைக்குப் பெட்டியில் பாடு கிடையாது, நல்ல கையில் ஆடியவன் அடுத்த முறை கெட்ட கையில் ஆட வேண்டும் என்று முறை வைத்தார். நான் உள்ளே போய்க் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ரொம்ப சந்தோசப்படாதே. இந்த ஒரு சுத்து ஒயுங்கா முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கு சாவியக் குடுத்துடு."

கடல் உண்டு, படகு இல்லை

மறுநாள் சாயங்காலம்தான் நடந்த தவறு எல்லோருக்கும் புரிந்தது. பாடு என்பது தலைக்கட்டுக்குத்தான். கல்யாணம் செய்து தனிக் குடும்பமாகி, ஊர் வரி கொடுக்கிற ஆண்தான் தலைக்கட்டு. சீட்டை எழுதியவர்கள் பழக்கத்தில் ஏரிக்கு எழுதுவதுபோலவே எழுதிவிட்டார்கள். சண்டை போட்ட பையன்கள் ஒருவன் பெயரும் அதில் இல்லை. பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பேரன் எடுத்தவர்கள். போட்ட சீட்டைக் கலைக்கும் வழக்கம் கிடையாது. வந்த பாட்டை வீணாக்கும் வழக்கமும் கிடையாது. ஆகவே அவர்கள் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி, முறை முடிகிறவரை ஆடிவிட்டுப் போனார்கள். இடப்பக்கம் இழுக்கும் கையை அவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நீரோட்டம் என்று நினைத்து வலப்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தேசம்மாவின் கணவர் ஒருவர்தான் அனுபவித்து ஆடினார். அவருக்குக் கார்ப் பந்தயம் வந்தது. பந்தயத்தை விட்டுவிட்டுக் காரை மெதுவாக ஓட்டி, சாலையோரம் தூரத்தில் தெரிந்த கடல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். முறை முழுக்க அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது என்னைக் கேட்டார். "இத்தினி காரு உட்டான். இவ்ளோ பெரிய கடலு உட்டான். கரையில ஒரு போட்டு உட்டானா பாத்தியா? இந்த ஊர்ல யாரும் சோறு துன்ன மாட்டாங்களா?"

வெளியே நின்று கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் டில்லி. உள்ளே தன் நைனா சொந்தக் கோலுக்குள்ளேயே பந்தை அடிப்பதை ஒரு வாரம் பொறுத்தான். பிறகு என்னிடம் வந்து, யாரோ செத்துவிட்ட செய்தியைச் சொல்வதுபோல் சொன்னான். "அம்மாகிட்ட சொல்ட்டேன்கா, பொண்ணு பாக்க சொல்லி. தலைக்கட்டு ஆவாம இந்த ஊர்ல பொயப்பு இல்ல."

கெட்ட கையில் ஆடியவள்

பெண் பக்கத்து ஊரான தோணிரேவில் அமைந்தது. பெயர் ரேவதி. அவள் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, போன் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தன் சித்தியோடு அவள் என் கடைக்கு வந்தாள். போனில் ஒரு கீறல்கூட இல்லை. இவ்வளவு நாள் கல்யாணம் வேண்டாமென்றவனைச் சம்மதிக்க வைத்த பெட்டி எது என்று பார்க்க வந்திருக்கிறாள். அதே நேரத்தில் எல்லப்பனுக்கு அங்கே பாடு. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தாலும் பாட்டை விட முடியுமா, டீ டம்ளரோடு எழுந்து வந்திருந்தார். சுற்று முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. நான் ஏற்கெனவே சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டத் தொடங்கியிருந்தேன்.

அன்று அவருக்கு எதிராக ஆட வேண்டியவர் வரவில்லை. கெட்ட கை சும்மா கிடந்தது. ரேவதி அதை எடுத்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, இழுக்கும் பக்கத்தைத் தெரிந்துகொண்டாள். பிறகு ஆட்டக்காரனை இடப்பக்க ஓரமாகவே ஓட்டிப்போய், அந்தப் பக்கத்திலிருந்தே கோல் போட்டாள். மறுபடி போட்டாள். எல்லப்பன் டீயைக் கீழே வைத்தார். சித்தி அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முறை முடிந்ததும் கன்ட்ரோலரைப் பக்குவமாக மேசைமேல் வைத்துவிட்டு ரேவதி கேட்டாள். "மாமா, ஒண்ணு கேக்கலாமா? கல்யாணம் ஆச்சின்னா வர்ற பாடு அவருக்கு மட்டுமா, எனக்கும் சேத்தா?"

எல்லப்பன் டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். ஏரி என்றால் பதில் தயாராக இருக்கும். பொம்பளை ஏரியில் வலை கட்ட மாட்டாள், அதனால் பாடு கிடையாது. இங்கே அவள் ஆடியதை அவரே பார்த்துவிட்டார், தோற்றதும் அவரேதான். டிவியைப் பார்த்தார். அவர் கோலுக்குள் பந்து போனதை அது திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு, நான் கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் பக்கம் திரும்பினார். "இது கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விசயம். இன்னாத்துக்கு இதெல்லாம் கட்டி வெச்சிகீற? பிரி. கேசு நடக்கறப்ப சாட்சிய ஊர உட்டு அனுப்பக் கூடாது."

கல்யாணம் முடிந்துவிட்டது, கூட்டம் இன்னும் முடியவில்லை, அது முடிகிறவரை கடையும் இங்கேதான், எந்த நல்ல கம்பெனியின் உத்தரவாதமும் இத்தனை நாள் நீடித்து நான் பார்த்ததில்லை.